பாம்புக்குச் சொன்னது

முதலாம் பாடத்தை நீங்களே வாசித்துவிடுங்கள் என்று குருவானவர் சொன்னபோது ஞானசிகாமணி தலையாட்டிவிட்டார். மறுக்கக் காரணம் எதுவும் கைவசம் இல்லை. வாசிக்க வேண்டிய ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி புட்டாளம்மை வந்து கன்னம் வீங்கிப் படுத்திருக்கிறாள். காலையில் அவளுக்குக் காய்ச்சல் மருந்து எடுத்துக் கொடுத்ததே ஞானசிகாமணிதான், தன் மருந்துக்கடையிலிருந்து. "எட்டாம் பாடத்தை உபதேசியார் பார்த்துக்கிடுவாரு. நீங்க முதல் பாடத்தைப் பிடிங்க அண்ணாச்சி. உங்களுக்கு மனப்பாடமான பகுதிதானே" என்று அங்கியின் பொத்தானைப் போட்டபடியே சொன்னார் குருவானவர். மனப்பாடம்தான். அதுதான் தொந்தரவு. இப்போது ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கிடந்த வேதாகமத்தில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டு, அந்தத் தலையாட்டலை நினைத்துக்கொண்டிருந்தார். தன் வாழ்க்கையில் பெரிய காரியங்கள் எல்லாம் இப்படித் தலையாட்டியே நடந்து முடிந்திருக்கின்றன என்று தோன்றியது. வாயைத் திறந்து செய்தது கொஞ்சம். தலையை அசைத்துச் செய்தது அதிகம். பக்கத்தில் பாக்கியமுத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வருகிறவர், முழங்கையால் இடித்தார். "என்னடே ஞானம், மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சிட்டாவளா?" சமாதானவிளைக் கோயிலின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் ஒன்பது பாடங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பாட்டு. முதல் பாடம் ஒரு சின்னப் பிள்ளைக்கு, ஒன்பதாவது குருவானவருக்கு. நடுவில் இருப்பதை வைத்து ஊரில் யாருடைய மதிப்பு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ஞானசிகாமணி வருஷம் வருஷமாக ஏறி எட்டுக்கு வந்திருந்தார். "அழாம வாசி. முட்டாய் வாங்கித் தருவாவ" என்றார் பாக்கியமுத்து. சிரிக்க வேண்டும் என்று தெரிந்து ஞானசிகாமணி சிரித்தார். எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதில் அவருக்கு வருத்தமில்லை, அது சத்தியம். வருத்தம் அந்தப் பகுதியில் இருந்தது. மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் ஆதாம் என்ற மனுஷனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் பகுதி. அவன் சொல்லும் பதிலைத் தன் வாயால், இந்தக் கோயிலில், இத்தனை பேருக்கு முன்னால், பெண்கள் பக்கத்தில் மூன்றாவது தூணுக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் மனைவி லீதியாளுக்கு முன்னால் வாசிக்க வேண்டும்.

பவனிப் பாட்டு தொடங்கி எல்லோரும் எழுந்தார்கள். எழும்போது அவர் கண் இடப்பக்கம் போயிற்று. போகக்கூடாது என்று வந்ததிலிருந்து பிடித்து வைத்திருந்த கண். நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சமுக்காளத்தில் உட்காருவார்கள். இன்று இடமே இல்லை, பிள்ளைகள் மடியில், மடியிலிருந்த பிள்ளையின் மடியில் பொம்மை. அந்த நெரிசலில் லீதியாளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம். பெரிய இடமில்லை. யாரும் வேண்டுமென்று விட்டதாகச் சொல்ல முடியாது. ஒரு பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு தாராளமாக உட்காரலாம், அவ்வளவு. ஆனால் யாரும் உட்காரவில்லை. லீதியாள் மெதுவாக எழுந்தாள், தூணைப் பிடித்து, வலது குதிங்கால் தரையில் படாமல் விரல்களை மட்டும் ஊன்றி. அவளுக்குக் குதிங்கால் வலி மூன்று மாதமாக. இந்த மாதம் அதிகமாயிற்று, அடுப்பு முன்னால் நின்றதால். அதற்கும் காரணம் எங்கே போய் முடிகிறது என்று அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் இந்தத் தெருவில் பெண்கள் தனித்தனியாகப் பலகாரம் சுடுவதில்லை. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, ஆறேழு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருத்தி மாவு கரைக்க, ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்க்க, மற்றவர்கள் ஊர்க்கதை பேச, டின் டின்னாக முடித்து எழுவார்கள். அச்சுமுறுக்குக்கு லீதியாளின் வெண்கல அச்சுதான். அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது, மாவு ஒட்டாமல் பூவாக உதிரும். டிசம்பர் பிறந்தால் அந்த அச்சு வீட்டில் தங்காது. யார் வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போய்த்தான் வாங்கி வரவேண்டியிருக்கும். இந்த வருஷம் யாரும் அச்சு கேட்டு வரவில்லை. அவளை முறைக்குக் கூப்பிடவும் இல்லை. அவள் புளி போட்டு அச்சைத் தேய்த்து ஜன்னலில் வைத்தாள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற ஜன்னல். நாலு நாள் அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் அவளே தனியாக மாவு கரைத்து, தனியாக நின்று, ஒரு பகல் முழுக்கச் சுட்டாள். அவர் சமையல்கட்டு வாசலில் போய் நின்று "இவ்வளவு எதுக்கு, நாம ரெண்டு பேருதான" என்றார். அவள் எண்ணெயைப் பார்த்தபடியே, "அச்சு சும்மா கெடந்தா துருப்பிடிச்சிரும்" என்றாள். வெண்கலம் துருப்பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போயிருந்தது. பாடகர் குழு வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக நடுப்பாதையில் நடந்து வந்தது. ஜெமிமா முன்வரிசையில் வந்தாள், கையில் மெழுகுவர்த்தி, முகத்தில் அதன் வெளிச்சம். தபீத்தாளின் ஒரே மகள். திருநெல்வேலியில் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவரைக் கடந்தபோது பாட்டை விடாமலே லேசாகத் தலைதாழ்த்தி ஸ்தோத்திரம் சொன்னாள். இவள் இன்னும் சொல்கிறாள். லீதியாளுக்கும் சொல்கிறாள், இந்த ஊரில் இவள் ஒருத்திதான் அவளைப் பார்த்து இன்னும் "ஸ்தோத்திரம் அத்தை" என்கிறாள். ஞானசிகாமணி பாட்டுத்தாளை முகத்துக்கு நேராக உயர்த்தினார். பாட்டு அவருக்குத் தாள் பார்க்காமலே வரும். இலை, என்று நினைத்தார். அத்தி இலை. அந்த மனுஷனுக்கு மறைத்துக்கொள்ள இலை கிடைத்தது, எனக்குத் தாள். சின்ன வயதில் ஜெமிமாவுக்கு வலிப்பு இருந்தது. கடைசியாக வந்து வருஷங்களாகிவிட்டன, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. தபீத்தாள் மாதாமாதம் மத்தியானத்தில், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வருவாள். பழுப்புத் தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். "டவுன்ல வாங்கினா பஸ்ல எவளாவது பைக்குள்ள எட்டிப் பாப்பா அண்ணாச்சி. உங்க கடைதான் எனக்குப் பீரோ" என்பாள். பீரோ. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்கிற நம்பிக்கை. அந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே மாத்திரையில் லாபம் குறைத்துக்கொண்டார். மத்தியானங்களில் அவர் சாப்பிட்டுக் கண்ணயரும்போது லீதியாள் கடையில் இருப்பாள், ஆகவே அவளுக்கும் தெரியும். அவள் அந்தப் பழுப்புத் தாளைச் சுற்றும் விதமே வேறு, குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல. ஒருநாள்கூட அவரிடமே "அந்தப் பிள்ளைக்கு" என்று பேச்செடுத்ததில்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். குருவானவர் ஆரம்ப ஜெபத்தைத் தொடங்கினார்; நீளமான ஜெபம், ஏழைகள், நோயாளிகள், கடலில் இருப்பவர்கள். கண்ணை மூடினால் யோவேல் வாத்தியார் வந்து நின்றார். ஆவணி மாதம், வெயில், கடை முன்னால் குடையை மடக்கிக்கொண்டு. ஜெமிமாவைப் பெண் கேட்டு வந்த வீட்டில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பக்கத்து ஊர்க்காரர். இருமல் மருந்து கேட்டார். பிறகு, "அண்ணாச்சி, லெந்து நோம்பு நாள்ல எங்க கோயில்ல பேசினியளே, பாம்பு தலைய மிதிக்கிறதப் பத்தி. எங்க வீட்டுல இன்னும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார். அந்த இடத்தில்தான், இப்போது திரும்பிப் பார்த்தால், காலடியில் ஏதோ ஊர்ந்தது. அப்போது அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அந்தப் பிரசங்கம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பிரசங்கம். மனுஷன் விழுந்த அன்றைக்கே, அவனுக்குத் தண்டனை சொல்வதற்கும் முன்னாலேயே, ஒரு வாக்கு வந்துவிட்டது. ஸ்திரீயின் வித்து ஒருவர் வருவார், அவருடைய குதிங்காலைப் பாம்பு கடிக்கும், ஆனால் அவர் அதன் தலையை நசுக்கிப்போடுவார். வேதத்தில் முதன்முதலாக உரைக்கப்பட்ட தீர்க்கதரிசனம் இதுதான், பெத்லகேமும் கல்வாரியும் இந்த ஒரு விதைக்குள் இருக்கின்றன என்று சொல்லி, 'நசுக்குவார்' என்ற சொல் வரும்போது வெறுங்காலால் மேடையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளும். லீதியாள் முதல்முறை கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: "நீங்க மிதிச்ச மிதியில பாம்பு செத்திச்சோ என்னவோ, மேடைப் பலகை செத்துப் போச்சு." யோவேல் வாத்தியார் குடையின் நுனியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். "உங்க வாயில பொய் வராதுன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். தபீத்தாள் குடும்பம் எப்படி? ஒரு வார்த்தை போதும்." நல்ல குடும்பம், தங்கமான பிள்ளை, என்றார் ஞானசிகாமணி. அது ஒரு வார்த்தை. அதோடு நின்றிருக்கலாம். வாத்தியார் போகவில்லை. "அவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றார், ஏமாந்ததுபோல. அவ்வளவுதானா என்ற கேள்விக்கு முன்னால், உள்ளதெல்லாம் அறிந்தவன் என்ற முகத்தை எப்படி இறக்கி வைப்பது? "ஒரு மாத்திரை போகுது. சின்ன வயசிலேருந்து. அது ஒண்ணும் பெரிய காரியமில்ல" என்றார். என்ன மாத்திரை? "அத நான் சொல்லக்கூடாது" என்றபோது, கர்த்தாவே, எவ்வளவு யோக்கியனாக உணர்ந்தேன். "வலிப்பா?" என்றார் வாத்தியார். ஞானசிகாமணி வாயைத் திறக்கவில்லை. தலைதான் அசைந்தது.

உண்மையைத்தானே சொன்னேன். பல நாள் இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தபீத்தாள் முன்பு சொன்னது குறுக்கே வருகிறது. நிச்சயத்துக்கு முன்னால் டாக்டரையே கூட்டிக்கொண்டு போய்ப் பக்குவமாகத் தானே எடுத்துச் சொல்வதாகத் தபீத்தாள் அவரிடம் சொல்லியிருந்தாள். "மறைச்சுக் கெட்டிக் குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. ஆனா என் வாயால சொல்லணும், தாய் சொல்லுத மாதிரி சொல்லணும்." அவளிடமிருந்து அந்த வாயைத்தான் அவர் பறித்தார். இடம் தட்டிப்போயிற்று. ஊர் முழுக்கப் பரவிற்று, மாத்திரையின் பெயர்கூடப் பரவிற்று, அதை அவர் சொல்லவேயில்லை. பிறகு அந்த மத்தியானம். தபீத்தாள் காலி மாத்திரை அட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். அழவில்லை. "இந்த ஊருல இது தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு அண்ணாச்சி. ஒண்ணு நீங்க, ஒண்ணு மைனி. யாருன்னு மட்டும் சொல்லுங்க." மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருந்திருக்குமா? அதற்குள் எத்தனை யோசனை. அடுத்த லெந்து கூட்டம், எட்டாம் பாடம், கடைக்குள் வந்து குரலைத் தாழ்த்திப் பேசும் ஜனங்கள், பீரோ. அவர் தன் மனைவி சொன்னாள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அது முழுப் பொய்யாக, ஆண்பிள்ளைப் பொய்யாக இருந்திருக்கும். "நான் அவகிட்ட விசாரிக்கேன்" என்றார். அவ்வளவுதான். நான் அவகிட்ட விசாரிக்கேன். ஒரு வார்த்தையிலும் பொய் கிடையாது. தபீத்தாள், "விசாரிங்க. விசாரிச்சு என்ன, போனது போயாச்சு" என்று அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். ஆனால் இதுவும் அடி இல்லை. இதற்குக் கீழே இன்னொன்று கிடக்கிறது, அதைத் தொடும்போதெல்லாம் மனம் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறது. மருந்து அலமாரிக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு லீதியாள் வந்து நின்றிருந்தாள். அவள் செருப்புச் சத்தத்தை அவர் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அவளுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்திய குரல் அவளுக்குக் கேட்டது. சோறு போட்டாள். "மோரு ஊத்தவா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் கழித்து, வந்த மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் பக்கம் திரும்பாமல், "என்கிட்ட விசாரிக்கப் போறதாச் சொன்னியளே. எப்ப?" என்றாள். "அத விடு" என்றார் அவர். அவள் விட்டுவிட்டாள். தபீத்தாளிடம் போய் நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லாததால், வெளியே விட்டது அவள்தான் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

ஆமென் என்றார்கள். அவரும் ஒரு கணம் பிந்திச் சொன்னார். இனி முதல் பாடம்தான். எழுந்தபோது பெஞ்சின் முனையில் இடித்துக்கொண்டார். பாக்கியமுத்து, "பாத்துடே, பாம்ப மிதிச்சிராத" என்றார் பல்லுக்குள். நடுப்பாதை நீளமாகக் கிடந்தது. பாதத்துக்கு அடியில் கல்தளம் குளிர்ந்திருந்தது, வெளியே மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், ஜன்னல் வழியாக ஈரக்காற்று. ஆதாமின் தோட்டத்திலும் குளிர்ச்சியான வேளைதான். கர்த்தர் நடக்கிற சத்தம் கேட்டுத்தான் அவர்கள் ஒளிந்தார்கள். பலநாள் பிரசங்கித்த அந்த வாக்கை, ஏறி நிற்பதற்கு முன்னிருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிகளில் அவர் முதன்முறையாக நின்று பார்த்தார். இத்தனை வருஷமும் நான் யார் காலில் நின்றுகொண்டு பேசினேன்? மிதிக்கிற காலில். அதில் சந்தேகமே வந்ததில்லை. அந்த வாக்கில் ஒரு தலையும் ஒரு குதிங்காலும்தான் இருக்கின்றன. அவர் மிதித்த மிதி மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அது யாரிடம் சொல்லப்பட்டது? மனுஷனிடம் இல்லை. ஸ்திரீயிடம்கூட நேராக இல்லை. பாம்பைப் பார்த்துச் சொன்னது. ஆதாம் இலையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றபடி ஒட்டுக்கேட்டான். உலகத்தின் முதல் நற்செய்தியை மனுஷன் ஒட்டுத்தான் கேட்டான். அதில் அவன் பேர் இல்லை. அவள் வித்து என்று இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால்தான் அவன் விரலை நீட்டி, நீர் எனக்குத் தந்த ஸ்திரீதான் என்று சொல்லியிருந்தான். சரி, அவளே ஆகட்டும் என்று கர்த்தர் எடுத்துக்கொண்டாரோ என்னவோ. நீ சுட்டிக்காட்டினாயே, அவள் வழியாகவே வருவேன். உனக்கு முள்ளும் வேர்வையும். இதை ஏன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்று நினைத்தார். படித்திருந்தால் இதையும் ஒரு பிரசங்கமாக்கி மிதித்திருப்பேன் என்றும் உடனே நினைத்தார்.

வாசித்தார். குரல் நன்றாகத்தான் வந்தது, அதுதான் அருவருப்பாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூண்களில் பட்டு உருண்டு திரும்பியது. நீ எங்கே என்று கேட்கும் இடத்தில் வழக்கமாகக் கொஞ்சம் நிறுத்துவார். இன்றும் நிறுத்தினார், பழக்கம். அந்த நிறுத்தத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. ஆதாமின் பதில் வந்தது. கண்ணை எடுக்காமல் ஓடிக் கடந்துவிடலாம் என்றிருந்தவர் அந்த வரியின் நடுவில் நிமிர்ந்துவிட்டார். லீதியாள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, நீட்டிய காலின் குதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் முகமில்லை அது. அவரிடமிருந்து எதையும் எதிர்பார்த்து ரொம்ப நாளாகிவிட்ட முகம். பாம்புக்குச் சொன்னதை அவர் வாசித்தார், பகை, வித்து, தலை, குதிங்கால். கால் தானாக எழவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் மிதிக்காகக் காத்திருந்து ஏமாந்ததைப் பார்த்தார். பாடம் அங்கே முடிகிறது என்று அச்சிட்ட தாளில் போட்டிருந்தது. முடிந்தது என்று அறிவித்து வேதாகமத்தை மூடப் போனபோது பக்கத்தின் கீழ்ப்பாதியில் கண் விழுந்தது. தண்டனையெல்லாம் சொல்லி முடிந்ததும் ஆதாம் செய்த முதல் காரியம். மனைவிக்குப் பெயர் வைத்தான். ஜீவன் என்று பொருள்படுகிற பெயர். எந்த முகத்தோடு வைத்தான்? சற்று முன்னால் அவளைக் காட்டிக்கொடுத்த அதே வாயால். அவர் லீதியாளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்தா, என்பார். இங்க பாரு, என்பார். விசாரிக்கேன் என்றபோதுகூட அவள் 'அவ'தான்.

பாடகர் குழு எழுந்தது. ஆர்மோனியம் சுருதி பிடித்தது. ஞானசிகாமணி படியிறங்கினார், இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினார். முடிவு செய்து திரும்பினாரா என்று பின்னால் அவரால் சொல்ல முடியவில்லை. பெண்கள் பக்கத்தில் ஆண் கால் வைத்ததும் சேலைகள் சரசரத்தன, யாரோ ஒருத்தி "ஏ, அண்ணாச்சிக்கு மயக்கமா?" என்றாள். பிள்ளைகளைத் தாண்டி, மடித்த கால்களைத் தாண்டி, அந்த இடத்துக்கு வந்தார். தூரத்திலிருந்து பார்த்ததைவிடப் பெரிய இடமாக இருந்தது. அதில் உட்கார வேண்டும், அவளோடு உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தலையில் இல்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் தபீத்தாள் திரும்பிப் பார்த்தாள். நின்றுகொண்டே, "லீதியா" என்றார், அவளைப் பார்த்து; அந்தப் பெயர் நாக்குக்குப் பழக்கமில்லாமல் கனத்தது. பிறகு தபீத்தாளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தக்கூடாது, தாழ்த்தக்கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சொன்னார். "தபீத்தா, லீதியா ஒண்ணும் சொல்லல. யோவேல் வாத்தியார்ட்ட சொன்னது நான்." சுருதி சரியாக அந்தக் கணத்தில் நின்றிருந்தது. நாலைந்து வரிசைக்குக் கேட்டிருக்கும். பாடகர் குழுவுக்கும் கேட்டதா தெரியவில்லை. ஒரு இலேசான சுகம், பாரம் இறங்கியது போன்ற ஒன்று மார்புக்குள் பரவப் பார்த்தது. சொல்லிவிட்டேன், நான் சொல்லிவிட்டேன். அப்போது லீதியாள் பற்களுக்கிடையில் மூச்சை இழுத்தாள். "கால எடுங்க" என்றாள். "மிதிக்கிய." குனிந்து பார்த்தார். அவருடைய வலது பாதம் முழுக்கனத்தோடு அவள் நீட்டியிருந்த குதிங்காலின் மேல் நின்றது.

எடுத்துவிட்டுத் தடுமாறித் தூணைப் பிடித்தார். பாட்டு தொடங்கிவிட்டது, ஜெமிமாவின் குரல் தனியாக முதல் வரியை எடுத்தது, கொஞ்சம் நடுங்கி, பிறகு நிமிர்ந்து. தபீத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவரிடம் கேட்க எந்தக் கேள்வியும் இல்லை. கையை ஊன்றி எழுந்து, இரண்டு வரிசையைத் தாண்டி வந்து, அவர் உட்கார நினைத்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். "நீங்க அந்தப் பக்கம் போங்க அண்ணாச்சி" என்றாள், அவரைப் பார்க்காமல். "இது பொம்பளைய எடம்." பிறகு, குரல் மாறி, "மைனி, கால இந்தப் பக்கமா நீட்டுங்க. யாரும் மிதிக்க மாட்டாவ." லீதியாள் உடனே நீட்டவில்லை. தபீத்தாளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நீட்டினாள். அவர் திரும்பி நடந்தார். வந்தபோது தெரியாத தூரம் இப்போது தெரிந்தது. கையில் தாள் இல்லை, வேதாகமத்தை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். எல்லா முகங்களும் பாடிக்கொண்டே அவரைப் பார்த்தன. பெஞ்சில் பாக்கியமுத்து நகர்ந்து இடம் விட்டார். தேவைக்கு மேலேயே விட்டார். ஞானசிகாமணி உட்கார்ந்தார். பாட்டு முடிந்து இரண்டாம் பாடத்துக்கு யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. உள்ளங்காலில் அந்தக் குதிங்கால் இன்னும் இருந்தது, கதகதப்பாக, எலும்பாக.